மாத்திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

1850இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் ஒரு எளிய கேள்வியைக் கையிலெடுத்தார். மனநோய் விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்? பதிவேடுகளைப் புரட்டினார். விடுதியைச் சுற்றியுள்ள பகுதிகளைத் தூரவாரியாகப் பிரித்தார். சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கையை அந்தந்தப் பகுதியின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டார். விடுதி இருந்த வட்டாரத்திலிருந்து நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். தள்ளிப் போகப் போக எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. தொலைவான ஊர்களில் மனநோய் குறைவு என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அங்கிருந்தவர்களால் வர முடியவில்லை. மருத்துவ வரலாற்றில் இதற்கு ‘ஜார்விஸ் விதி’ என்று பெயர்.

அவர் இதை எழுதி ஏறத்தாழ 175 ஆண்டுகளாகின்றன. ரயில் வந்தது, பேருந்து வந்தது, கைப்பேசி வந்தது. மனநோய்க்குப் பலனளிக்கும் மருந்துகள் 1950களிலிருந்தே கிடைக்கின்றன. ஆனாலும் இந்தியாவில் ஒருவருக்கு மனநோய் வந்தால் சிகிச்சை கிடைக்குமா, கிடைத்தாலும் தொடருமா என்பதை அவர் வசிக்கும் மாநிலமும் வட்டாரமும் இன்றும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மருத்துவர்கள் எத்தனை பேர், படுக்கைகள் எத்தனை என்றுதான் கேட்கிறோம். இரண்டும் தேவையான கணக்குகளே. ஆனால் மனநோயோடு வாழும் ஒருவரின் அன்றாடத்தை நிர்ணயிக்கும் அளவு இன்னொன்று உண்டு: மாதந்தோறும் அவர் விழுங்க வேண்டிய மாத்திரை அவர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அந்தத் தூரத்தை அளப்பதும் வெளியிடுவதும் குறைப்பதுமே மனநலத் திட்டமிடலின் முதல் வேலையாக வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. 34,802 பெரியவர்களை வீடு வீடாகச் சென்று சந்தித்த ஆய்வு அது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 10.6 விழுக்காட்டினர், அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் விகிதத்தைச் சிகிச்சை இடைவெளி என்பார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகளில் அந்த இடைவெளி 85 விழுக்காடு. மனச்சிதைவு உள்ளிட்ட தீவிர நோய்களில் 73.6 விழுக்காடு. மதுப் பழக்கம் சார்ந்த கோளாறுகளில் 86.3 விழுக்காடு.

இவை சராசரிகள். மாநிலங்களுக்குள் நுழைந்தால் படம் சிதறுகிறது. அந்த ஆய்வின்படி கேரளத்தில் ஒரு லட்சம் பேருக்கு 1.2 மனநல மருத்துவர்கள் இருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் 0.05. அதாவது கேரளத்தில் சுமார் 83 ஆயிரம் பேருக்கு ஒருவர், மத்தியப் பிரதேசத்தில் 20 லட்சம் பேருக்கு ஒருவர். லட்சத்துக்கு ஒருவர் என்ற குறைந்தபட்ச அளவைக் கேரளம் தவிர மற்ற பதினொரு மாநிலங்களும் எட்டவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் எல்லைக்குள் வந்த மக்கள் கேரளத்தில் நூறு விழுக்காடு. விளைச்சலில் முன்னணியில் இருந்த, வருமானத்திலும் நாட்டுச் சராசரிக்குக் குறையாத பஞ்சாபில் 14 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பணக்கார மாநிலத்தில் மனநல மருத்துவம் தானாக வளர்ந்துவிடும் என்ற எண்ணத்தைப் பஞ்சாபின் இந்த எண்ணே மறுக்கிறது.

நோயின் பரவலும் இடத்துக்கு இடம் மாறுவதுபோல் தெரிகிறது. அதே ஆய்வில் மணிப்பூரில் 14.1 விழுக்காடு, அசாமில் 5.8 விழுக்காடு. பெருநகரங்களில் கிராமங்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நகர வாழ்வின் நெருக்கடி, மணிப்பூரின் நீண்டகால மோதல் என்று உண்மையான காரணங்கள் இதில் இருக்கலாம். இருந்தாலும் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். துயரத்தைச் சொல்லப் பழகிய சமூகம் ஆய்வாளரிடம் அதைச் சொல்லும். மருத்துவரையே பார்த்திராத ஊரில் ‘தூக்கம் வருகிறதா, எதிலும் நாட்டம் இருக்கிறதா’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

தற்கொலைப் புள்ளிவிவரங்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். தேசியக் குற்றப் பதிவுகள் பணியகத்தின் 2022 அறிக்கையில் லட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் நாட்டளவில் 12.4. கேரளத்தில் 28.5, தமிழ்நாட்டில் 25.9, பீகாரில் 0.6. பீகாரைப்போல் நாற்பது மடங்கு விகிதத்தில் தமிழ்நாட்டில் மக்கள் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று இதைப் படித்தால் தவறான முடிவுக்கே போவோம். இது காவல்துறைப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கு. பதிவாகும் பழக்கம் உள்ள மாநிலத்தின் எண் உயர்கிறது. பதிவாகாத மாநிலத்தில் மரணம் வேறு பெயரில் போய்விடுகிறது. சிகிச்சை போகாத இடங்களுக்குக் கணக்கெடுப்பும் ஒழுங்காகப் போவதில்லை. கணக்கில் வராத ஊருக்குத் திட்டமும் நிதியும் வருவதில்லை. இப்படி ஓர் இல்லாமை இன்னோர் இல்லாமையை நியாயப்படுத்திவிடுகிறது.

வரைபடம் எப்படி உருவானது

இந்த ஏற்றத்தாழ்வு நேற்று உருவானதல்ல. ஆங்கிலேய ஆட்சி மனநோய் விடுதிகளைக் கட்டியபோது நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக் கட்டவில்லை. நிர்வாகமும் படையும் இருந்த இடங்களில் கட்டியது. சென்னையில் 1794இல் தொடங்கிய விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. மெட்ராஸ் மாகாணத்துக்குக் கோழிக்கோட்டிலும் விசாகப்பட்டினத்திலும் வேறு விடுதிகள் இருந்தன. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது விசாகப்பட்டினம் ஆந்திரத்துக்கும் கோழிக்கோடு கேரளத்துக்கும் போயின. திருவனந்தபுரம், திருச்சூர் விடுதிகளையும் சேர்த்துக் கேரளத்துக்கு மூன்று அரசு மனநல மருத்துவமனைகள் அமைந்தன. பரப்பளவில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெரிய தமிழ்நாட்டுக்குக் கீழ்ப்பாக்கம் ஒன்றே மிஞ்சியது. கன்னியாகுமரி மாவட்டத்து நோயாளிக்கு அது ஏறத்தாழ 700 கிலோமீட்டர்.

வடக்கே இதைவிடக் கடுமையான கதை ஒன்று உண்டு. இன்றைய ஜார்க்கண்டின் தலைநகர் ராஞ்சியில், காங்கே என்ற ஒரே பகுதியில், இரண்டு பெரிய மனநல நிறுவனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று 1918இல் ஐரோப்பியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. மற்றொன்று பாட்னாவிலிருந்து 1925இல் அங்கு மாற்றப்பட்ட இந்தியர்களுக்கான விடுதி. 2000 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்ட் தனி மாநிலமானது. இரண்டு நிறுவனங்களும் புதிய எல்லைக்கு அந்தப் பக்கம் போயின. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட பீகார், தன் மண்ணில் ஒரு மனநல மருத்துவமனைகூட இல்லாத மாநிலமாக ஒரே நாளில் ஆனது. போஜ்பூர் மாவட்டத்தின் கோயில்வரில் புதிய மருத்துவமனை 2005இல்தான் வந்தது. மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்த சத்தீஸ்கருக்கும் அப்போது இதே நிலைதான் நேர்ந்தது. குவாலியரும் இந்தூரும் பழைய மாநிலத்தோடு நின்றுவிட்டன.

1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, நாற்பது கோடி மக்களுக்கு மனநோய்ப் படுக்கைகள் ஏறத்தாழ பத்தாயிரம் மட்டுமே இருப்பதைச் சுட்டிக்காட்டி வருந்தியது. பொது மருத்துவமனைகளுக்குள் மனநலப் பிரிவு அமைக்கும் வழக்கம் அதற்கு முன்பே முளைவிட்டிருந்தது. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், இன்றைய ஆர்.ஜி.கார் மருத்துவமனையில், கிரீந்திரசேகர் போஸ் தொடங்கிய பிரிவே இந்தியாவில் முதலாவது. பின்னாளில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்வரை மனநலப் பிரிவு பரவிய மாநிலங்களில் தூரம் ஓரளவு குறைந்தது. பரவாத மாநிலங்களில் பழைய விடுதிகளின் வரைபடமே இன்றுவரை நீடிக்கிறது.

மனநோய்க்குத் தூரம் ஏன் இன்னும் கொடியது

எந்த நோய்க்கும் மருத்துவமனை தூரமாக இருந்தால் கஷ்டம்தானே, மனநோய்க்கு மட்டும் என்ன தனி என்று கேட்கலாம். காரணங்கள் உண்டு.

குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு ஒருமுறை கடன் வாங்கி, ஒருமுறை வண்டி பிடித்துப் போய்வந்தால் முடிந்தது. மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளும். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கியாக வேண்டும் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பயணம், பத்து ஆண்டில் நூற்றிருபது பயணம். இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓ.பி. சீட்டு காலையிலேயே போட வேண்டும். எனவே முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நோயாளி தனியாகப் போக முடியாது, கூட ஒருவர் வேண்டும். ஆக இரண்டு பேரின் அன்றைய கூலி போச்சு. கூடப் போவது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ அக்காவோதான். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது இவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் அந்தச் சலுகை கிடையாது. தேசிய மனநல ஆய்வு, சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக ஒரு குடும்பம் மாதம் 1000 முதல் 1500 ரூபாய் வரை செலவிடுவதாகக் கண்டது. மருந்தே இலவசமாகக் கிடைத்தாலும் அதை வாங்கப் போகும் வழி இலவசமாக இல்லை.

அடுத்து, நோயின் இயல்பே பயணத்துக்கு எதிராக நிற்கிறது. நெஞ்சுவலி வந்தவர் தானே ஆட்டோவில் ஏறுவார். தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று நம்புகிறவர் கூட்டமான பேருந்தில் ஏற மறுப்பார். மனச்சோர்வில் கட்டிலைவிட்டு எழ முடியாதவருக்குத் தெருமுனையே தொலைவு. கொஞ்சம் தேறியதும் ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறாரே, இந்த மாதம் போகாவிட்டால் என்ன’ என்று வீட்டில் தோன்றும். தூரம் அதிகமானால் இந்த எண்ணம் சீக்கிரம் ஜெயிக்கும். மாத்திரை நின்றதும் பல சமயம் உடனே ஒன்றும் ஆகாது. வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் திரும்பும்போது, விட்டுப்போன அந்தப் பயணத்தோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை. ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

மூன்றாவது காரணம் வெளியே அதிகம் பேசப்படாதது. தூரம், எந்த மருந்து தரலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. இருதுருவ நோய்க்கு லித்தியம் மிகப் பயனுள்ள மருந்து. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாகவும் அறியப்பட்டது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் நச்சு. கடைசி வேளை மாத்திரை விழுங்கிப் பன்னிரண்டு மணிநேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் கடைசி நம்பிக்கை குளோசபின். அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் ஆபத்து உண்டு என்பதால் முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். ஆய்வகம் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நோயாளிக்கு இந்த மருந்துகளை எழுத எந்த மருத்துவருக்கும் கை தயங்கும். ஒரே நோய், ஒரே வயது, ஒரே மாநிலம். ஆனால் நகரத்தில் இருப்பவருக்கு ஒரு மருந்து, மலையோரத்தில் இருப்பவருக்கு வேறு மருந்து. இந்த வேற்றுமை எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாகப் பதிவாவதில்லை.

திறந்திருக்கும் வேறு கதவுகள்

மருத்துவமனை தூரமாக இருக்கும்போது குடும்பங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. திறந்திருக்கும் கதவைத் தேடிப் போகின்றன. காவிரிக்கரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கும் குடும்பங்களையும் ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களையும் அறியாமை என்ற ஒரே அடையாளத்துக்குள் அடைப்பது நியாயமல்ல. அங்கே தங்க இடமும் உணவும் உண்டு. வெறுக்காத சுற்றமும் உண்டு. மனநல மருத்துவர் இரகுராமும் அவருடைய சக ஆய்வாளர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருந்தில்லாமலேயே நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அன்பான, அச்சமற்ற சூழலுக்கு அந்த வலிமை உண்டு என்பதை இது காட்டுகிறது. தீவிர மனநோய்க்கு அது மட்டும் போதும் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது.

போதாது என்பதை நாடே பார்த்த நாள் 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அரசு அப்படிப்பட்ட காப்பகங்களை மூடியது. சங்கிலி போட்டவர்களின் குற்றம் மறுக்க முடியாதது. ஆனால் அந்த 28 பேரும் தங்கள் ஊருக்கு அருகில் சிகிச்சை பெற்றிருந்தால் அந்தக் கொட்டகைக்கு ஏன் போயிருக்கப் போகிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும். உரிமம் தராமல் காப்பகங்களை மூடுவது எளிது. அவை நிரம்பக் காரணமான வெறுமையை நிரப்புவதுதான் கடினம்.

அந்தக் கடினமான வேலைக்கு ஒரு நல்ல தொடக்கமும் உண்டு. குஜராத்தின் மேசானா மாவட்டத்து மீரா தாத்தார் தர்காவில் 2008இல் ‘தவா–துஆ’ என்ற திட்டம் தொடங்கியது. பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்று தர்காவின் பராமரிப்பாளர்களான முஜாவர்களும் மனநல மருத்துவர்களும் கைகோத்தார்கள். பிறகு ஏர்வாடி தர்கா வளாகத்துக்கும் அந்த முறை வந்தது. நோயாளி இருக்கும் இடத்துக்கு மருந்து போனதே அதன் பலம்.

தூரத்தைச் சுருக்கியவர்கள்

மருந்தை மக்களிடம் கொண்டுபோக முடியும் என்பது ஐம்பது ஆண்டுக்கு முன்பே நிரூபிக்கப்பட்டது. 1970களின் நடுவில் சண்டிகருக்கு அருகே ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூருக்கு வெளியே சக்கல்வாராவிலும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் மனநோய்களை அடையாளம் காணவும் அடிப்படைச் சிகிச்சை தரவும் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்தே 1982இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. அதை ஒரு முழு மாவட்ட அளவில் செய்துகாட்டிய இடம் கர்நாடகத்தின் பெல்லாரி. 1985இல் நிம்ஹான்ஸ் அங்கே தொடங்கிய வேலைதான் பின்னாளில் நாடு முழுவதற்குமான மாவட்ட மனநலத் திட்டத்தின் முன்மாதிரி. 1996–97இல் திட்டம் தொடங்கிய முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று; மற்றவை அன்றைய ஆந்திரத்தின் மேதக், அசாமின் நகாவ், ராஜஸ்தானின் சீகர்.

தன்னார்வ நிறுவனங்களின் பங்கும் இதில் பெரிது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. அதற்குள் ஆலோசனை அறையும் இருந்தது, மருந்தகமும் இருந்தது. நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து திரையில் சென்னை மருத்துவரோடு பேசுவார். முடிந்ததும் அதே பேருந்தில் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போவார். மருத்துவர் 380 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். மாத்திரை மட்டும் ஊருக்கு வந்தாக வேண்டும் என்ற புரிதல் அந்த ஏற்பாட்டில் தெளிவாக இருந்தது.

இந்தப் புரிதலுக்கு வலுவான சான்று 2014இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு. கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவோடு வாழும் 282 பேரை ஆய்வாளர்கள் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றக் குழுவுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து மருந்தைத் தொடரவும் வேலைக்குத் திரும்பவும் குடும்பத்தோடு இணங்கவும் உதவினார்கள். இந்தப் பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். ஓராண்டு முடிவில் இரண்டாம் குழுவின் நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்த இடம் தமிழ்நாட்டின் கிராமப்புறக் களம். மூன்றிலும் வசதி குறைந்த பகுதி அதுதான். சேவை எங்கே அரிதோ அங்கே ஓர் உள்ளூர்ப் பணியாளரின் வருகைக்கு மதிப்பு அதிகம் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

கடலுக்கு அப்பால் இலங்கையும் இதே பாடத்தைப் பெரும் துயரத்தின் வழியே கற்றது. 2004 சுனாமிக்கு முன் அங்கே மனநலச் சேவை பெருமளவு கொழும்பைச் சுற்றியே குவிந்திருந்தது. போர் ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் உளநலப் பயிற்சி அளித்து அந்த வெற்றிடத்தை ஈடுகட்ட முயன்றார்கள். சுனாமிக்குப் பிறகு, 2005இல், நாட்டுக்குப் புதிய மனநலக் கொள்கை வந்தது. சில மாதப் பயிற்சி பெற்ற மருத்துவ உத்தியோகத்தர்களும் சமூக ஆதரவுப் பணியாளர்களும் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு, சில ஆண்டுகளில் 20 மாவட்டங்களுக்குப் பரவியது என்று உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. மனநல நிபுணர்கள் போதிய அளவில் உருவாகும்வரை காத்திருந்தால் இது நடந்திருக்காது.

கேரளத்தின் வெற்றியிலும் நிபுணர் எண்ணிக்கை ஒரு பகுதிதான். வலி தணிப்பு மருத்துவத்துக்காக ஊர்தோறும் உருவான தொண்டர் வலையை, கோழிக்கோட்டில் 2008இல் தொடங்கிய மனநலச் செயல் அறக்கட்டளை தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது. அரசும் மனச்சோர்வைக் கண்டறியும் ‘ஆசுவாசம்’ சிகிச்சைப் பிரிவுகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் திறந்தது. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துபோகும் கால்களோடு மனநலத்தையும் சேர்த்து அனுப்பியது கேரளம்.

தொலைபேசியால் ஆவதும் ஆகாததும்

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, ஒன்றிய அரசு ‘டெலி மனஸ்’ சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசு அதே எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் சேவையை நடத்துகிறது. தேர்வுப் பயத்தில் தவிக்கும் மாணவருக்கும் நள்ளிரவில் உயிரை விட நினைப்பவருக்கும் மறுமுனையில் ஒரு குரல் இருப்பது மிகப் பெரிய காரியம்.

ஆனால் தொலைபேசி எல்லாத் தூரத்தையும் அழித்துவிட்டது என்று நினைத்துத் திட்டமிட்டால் பழைய தவறே புதிய வடிவில் திரும்பும். தன் துயரத்தைத் தானே உணர்ந்து, சொல்லத் தெரிந்து, கையில் கைப்பேசியும் தனியிடமும் உள்ளவரே அழைப்பார். தீவிர மனநோயில் அழைக்க வேண்டியவர் பெரும்பாலும் அழைக்க மாட்டார். கூட்டுக் குடும்பத்தில் கணவரின் கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணுக்கு அந்தத் தனிமை கிடைக்காது. அலைவரிசை எட்டாத மலைக்கிராமங்களும் இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அழைப்பின் முடிவில் ‘அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்’ என்ற அறிவுரைதான் வரும். அந்த அருகில் எவ்வளவு அருகில் என்பதைத் தொலைபேசியால் மாற்ற முடியாது. புதுக்கோட்டைப் பேருந்து திரையோடு மருந்தகத்தையும் சுமந்துபோனதன் காரணம் இதுதான்.

சட்டம் சொன்னது, எண்ணாகாதது

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உலகின் முற்போக்கான மனநலச் சட்டங்களுள் ஒன்று. சங்கிலியிடுவதை அது தடை செய்கிறது. மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக அதன் 18ஆவது பிரிவு அறிவிக்கிறது. சிகிச்சைக்காக யாரும் நீண்ட தூரம் பயணிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லாவிட்டால் அங்கேயே வேறு நிறுவனத்தில் சிகிச்சை பெறலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இவ்வளவு தெளிவான சட்டத்தில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. ‘நீண்ட தூரம்’ எத்தனை கிலோமீட்டர் என்று சட்டம் வரையறுக்கவில்லை. அளவு இல்லாத உரிமையை மீறினாலும் யாரும் நிரூபிக்க முடியாது. இரண்டாவது, அத்தியாவசிய மருந்துகளை இலவசமாகத் தர வேண்டிய கடமையைச் சட்டம் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேல்நோக்கித் தொடங்குகிறது. சமவெளியில் ஒரு சமுதாய சுகாதார நிலையத்துக்கு உரிய மக்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசுக் கதவுக்கு ஒரு படி மேலேயே சட்டத்தின் கட்டாயம் நின்றுவிடுகிறது.

இந்த இடைவெளிகளை மாநில அரசு தன் விதிகளாலும் ஆணைகளாலும் நிரப்பலாம். அதற்குத் தமிழ்நாட்டிடம் தேவையான உறுப்புகள் அனைத்தும் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022இல் திறந்த 11 புதிய கல்லூரிகளையும் சேர்த்து 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மருந்து வாங்கி விநியோகிப்பதில் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியான மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக முடியும் என்று அது காட்டிவிட்டது. நிலையாகத் தேறிவரும் மனநோயாளிக்கு மாதாந்தர ரிஸ்பெரிடோனோ ஓலான்சபினோ அதே பையில் வருவதற்கு மருத்துவ அறிவியலில் தடை எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் நேரில் பார்த்தால் போதும். இடைப்பட்ட மாதங்களில் பணியாளர் வந்து மாத்திரை கொடுத்து, தூக்கத்தையும் பேச்சையும் கவனித்து, மாற்றம் தெரிந்தால் மருத்துவருக்குச் சொல்லலாம்.

இதோடு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நான்கு கணக்குகளை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடிப்படை மனநோய் மருந்துகள் கையிருப்பில் உள்ள மிக அருகிலுள்ள அரசு நிலையம் கிராமங்களிலிருந்து சராசரியாக எத்தனை கிலோமீட்டர்? ஆண்டில் எத்தனை நாள் அங்கே அந்த மருந்துகள் தீர்ந்துபோயின? சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் தொடர்கிறார்கள்? லித்தியம் அளவும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்க இரத்த மாதிரியை எங்கே கொடுக்கலாம்? நான்காவது கேள்விக்கு ஆய்வகத்தையே கட்ட வேண்டியதில்லை. மாதிரியை எடுத்து அனுப்பும் ஏற்பாடு போதும். மருத்துவர்களை ஒரே ஆண்டில் பெருக்கிவிட முடியாது. இந்த நான்கு கணக்குகளையும் ஒரே ஆண்டில் எடுத்துவிட முடியும்.

மனநோய் எந்த வட்டாரத்தையும் தேர்ந்தெடுத்து வருவதில்லை. சிகிச்சை மட்டும் வட்டாரம் பார்த்து வருகிறது. அந்தத் தேர்வை வரலாறு செய்தது, நிர்வாக எல்லைகள் செய்தன, நம் பழக்கங்களும் செய்தன. மனிதர்கள் செய்த தேர்வை மனிதர்களே திருத்தலாம். யாரும் நீண்ட தூரம் போக வேண்டியதில்லை என்று சட்டத்தில் எழுதிவிட்டோம். அந்தத் தூரம் இத்தனை கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எண்ணை எழுதி, அதற்குப் பொறுப்பேற்கும் முதல் மாநிலமாகத் தமிழ்நாடு இருக்க வேண்டும்.